புறாவுக்கு விதைத்த தோட்டம்

இந்த வயதில் நம் எல்லோர் வீட்டிலும் ஒரே சமையல்தான். உப்பைக் குறை, புளியைக் குறை, நல்லெண்ணெய்ப் பக்கம் போகாதே. நம் வயதுச் சோட்டுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்றுதான் நலம் விசாரிக்கிறோம். போன மாதம் டாக்டர் எனக்குச் சூரியகாந்தி எண்ணெய் எழுதிக் கொடுத்தார். மருமகள் பாக்கெட்டை வெட்டிச் சட்டியில் ஊற்றினாள். பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்த பூவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு அத்தை சிரிக்கிறீங்க?" என்றாள்.

"இந்தப் பூவ நாங்க புறாவுக்கு வெதச்சோம் தாயி" என்றேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் கிறுக்குத்தனங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள், நீங்களாவது நம்புவீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மேகமலை அடிவாரத்தில் பண்ணையாருடைய தோட்டம் ஒன்றை என் அய்யா, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார். தோட்டத்துக்குள்ளேயே எங்கள் கூரை வீடு. தோட்டத்துக் கிணற்றை அய்யா தன் கையால் வெட்டினார். மூன்று கோடை, பாறைக்கு வெடி வைத்து, கூடை கூடையாக மண்ணள்ளி வெட்டிய கிணறு. நான் நீச்சல் பழகியது அதில்தான். மண் பண்ணையாருக்கு, கிணறு எங்களுக்கு என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம். அதை எழுதி வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு புரட்டாசிக் காலையில் பண்ணையார் வில்வண்டியில் வந்து இறங்கினார். கூடவே மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், அவர் காலடியில் ஒரு சாக்கு மூட்டை. எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றி அனுப்புவது பண்ணையார்தான். எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார் என்று ஊரில் சொல்வார்கள்.

"ஏம்ப்பா, தொரையோட தம்பி வேற ஏதோ தேசத்துல இருக்காராம். அங்கன இந்தப் பூவ வெதச்சு வச்சா புறா கூட்டங் கூட்டமா வருதாம். நின்ன எடத்துல நின்னு சுடுறாகளாம். நம்ம தொரைக்கும் அந்த ஆச வந்துருச்சு" என்றார் பண்ணையார்.

அய்யா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி விதையை அள்ளிப் பார்த்தார். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட விதை.

"புறாவுக்கா வெள்ளாமை, மொதலாளி?"

"புறாவுக்குத்தான்."

"பாட்டன் பூட்டன் காலத்துலருந்து பறவைய வெரட்டித்தான் பழக்கம். வெத்தல பாக்கு வச்சு அழைச்சுப் பழக்கமில்லையே."

ரைட்டர் சிரித்துவிட்டார். பண்ணையார் சிரிக்கவில்லை. "தொரை மாசியில எறங்குவாக. வேட்ட நல்லா அமைஞ்சா இந்தத் தோட்டம் ஒன் காலம் வரைக்கும் ஒனக்குத்தான், கெணத்தோட. அமையலன்னா எம் மச்சினன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கான். பாத்துக்க."

அய்யா கிணற்றுப் பக்கம் திரும்பி ஒரு முறை பார்த்தார். "சரி மொதலாளி" என்றார்.

வண்டி ஏறும்போது ரைட்டர் எங்களுக்கு உபதேசம் மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பூவப் பாத்துப் புறா தானா வரும்." எல்லாக் கோளாறும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் முளைத்தது. எஸ்டேட் ரைட்டர் இங்கிலீஷ் படித்தவர், தப்பாகச் சொல்வாரா?

ஐப்பசி மழையில் விதைத்தோம். அய்யாவுக்கு அரைகுறையாக வேலை செய்யத் தெரியாது. கயிறு பிடித்தது மாதிரி வரிசை, செடிக்குச் செடி சாண் கணக்கு, களையென்று ஒரு புல் கிடையாது. மார்கழிக் கடைசியில் பூத்தது பாருங்கள், சின்னமனூர் சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து பார்த்தார்கள். என் உயரத்துக்கு மேலே, முறத்தளவு அகலத்தில் சுளகு சுளகாகப் பூ. நான் ஒன்றைத் திருட்டுத்தனமாகப் பறித்துத் தலையில் வைத்துப் பார்த்தேன். தலையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கையெல்லாம் பிசின் ஒட்டி இரண்டு நாள் பச்சை வாடை போகவில்லை.

என் ஆத்தாவுக்கு மட்டும் அந்தப் பூவைப் பிடிக்கவே இல்லை. பூவெல்லாம் கிழக்கே மலையைப் பார்த்து நின்றது. எங்கள் வீடு மேற்கே. "தண்ணி எறைக்கிறது நாம, மூஞ்சியக் காட்டுறது மலைக்கா? வளத்தவுகளுக்கு முதுகக் காட்டுற வெள்ளாமைய இப்பத்தான் பாக்குறேன்" என்பாள்.

ஆத்தாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம், வானம் பார்த்த பூமி. அங்கே மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் தானியம் என்றால் அவளுக்குச் சாமி. கீழே கிடக்கும் ஒரு மணிக் கம்பைத் தெரியாமல் மிதித்துவிட்டால்கூடக் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நாங்களும் ஒற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் ஒன்று விழும். "கம்பம் பக்கத்துக்காரிகளுக்கு ஆத்துத் தண்ணி வந்த திமிரு" என்று அண்டை அயல் பெண்களை வைவாள்.

தை பிறந்து மணி பால் பிடித்ததும் வந்தது பாருங்கள் பறவை. புறா இல்லை. கிளி! மலையிலிருந்து பச்சைத் துணியை உதறியது போலக் கூட்டமாக இறங்கிப் பூவின்மேல் உட்கார்ந்து, தின்றது பாதி, கடித்துத் துப்பியது பாதி. அய்யா எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். கிளி துரைக்கு வேண்டாம், விரட்டு என்று பதில் வந்தது.

கிளியை விரட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, கவண் வீசுவதில் அந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கற்றாழை நாரில் அய்யா முறுக்கிக் கொடுத்த கவண் அது. எந்நேரமும் அரைஞாண் கயிறு மாதிரி என் இடுப்பைச் சுற்றியே இருக்கும். தோட்டத்து நடுவில் பரண், பரண் காலில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின். எந்த மூலையில் நின்று வீசினாலும் என் கல் அந்த டின்னில்தான் போய் விழும். 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வானம் பச்சையாகிவிடும். கிளி போகட்டும், புறா மட்டும் இருக்கட்டும் என்று டின்னுக்குத் தெரியுமா என்ன? ஒன்றிரண்டு புறா எட்டிப் பார்த்திருந்தாலும் அதுவும் சேர்ந்துதான் ஓடியிருக்கும். இது இப்போது புரிகிறது. அப்போது யாருக்கும் புரியவில்லை.

கிளி சிந்தியதையும், முற்றித் தானாக உதிர்ந்ததையும் ஆத்தா விட்டு வைப்பாளா? தினமும் பொழுது சாயும் நேரம் விளக்குமாறும் சுளகுமாக உள்ளே போய் ஒவ்வொரு செடியின் தூரிலும் கூட்டி அள்ளினாள். புடைத்துச் சுத்தம் செய்து கிணற்றடியில் சாக்கு விரித்துக் காயப்போட்டாள். "இத வச்சு என்ன செய்யப் போற?" என்று அய்யா கேட்டால், "மண்ணுல கெடக்கலாமா? அம்புட்டுத்தான்" என்பாள். பண்ணையார் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "தரை கண்ணாடி மாதிரியில்ல இருக்கு!" என்று மெச்சிக்கொண்டு போனார்.

மாசி பிறந்தது. ரைட்டர் வந்து சேர்ந்தார். "இன்னும் எட்டு நாள்தான். டேட் ஃபிக்ஸ் ஆயிருச்சு. புறா எங்கன?"

புறா எங்கே! பூவெல்லாம் காய்ந்து தலை தொங்கி நின்றது. ஒரு புறாகூட இல்லை. மறுநாளே பண்ணையாரின் மச்சினன் வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், கிணற்றை எட்டிப் பார்த்துத் தண்ணீரில் ஒரு கல்லைப் போட்டு ஆழம் பார்த்துவிட்டுப் போனான். அன்றைக்கு அய்யா கஞ்சி குடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை அய்யா செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு விலா வலிக்கும். விடிந்ததும் செடிகளுக்கு நடுவே போய்க் குந்திக்கொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, "குக்குரூ... குக்குரூ..." என்று புறா மாதிரி கூவ ஆரம்பித்தார். வரப்பில் போன ஒரு ஆள் நின்று கேட்டுவிட்டு, கும்பிட்டுக்கொண்டே வேகமாக நடந்துவிட்டான்.

நான் பரணில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் அய்யா "குக்குரூ". அந்தப் பக்கம் கிணற்றடியில் இருந்து ஆத்தாவின் குரல்: "ச்சூ! ச்சூ! எளவெடுத்ததுக!" திரும்பிப் பார்த்தேன். ஆத்தா கையில் நீளக் கம்பு. அவளைச் சுற்றி, காயப்போட்ட சாக்கின் மேலே, துவைக்கிற கல்லின் மேலே, தண்ணீர் இறைக்கும் கமலை மரத்தின் மேலே, எங்கு பார்த்தாலும் புறா! இவள் ஒரு பக்கம் விரட்ட, மறு பக்கம் வந்து கொத்திக்கொண்டிருந்தன.

"அய்யா! புறா!" என்று கத்தினேன்.

"எங்கன தாயி?"

"ஆத்தாகிட்ட!"

அய்யா தலையெல்லாம் காய்ந்த பூவிதழோடு ஓடிவந்தார். ஆத்தா கம்பை அவரிடம் நீட்டினாள். "வந்துட்டாக பெரிய மனுசன். இந்தா, ஒரு கை புடிங்க. வெரட்ட வெரட்ட வருதுக."

"எத்தன நாளா வருதுக?"

"காயப் போட்ட நாள்லருந்து வருதுக."

"அடி பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீங்க கேட்டது பூவுக்கு வர்ற புறா. இது தானியத்துக்கு வர்ற புறா. இதப் போயி என்னத்தச் சொல்ல?"

அய்யா கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புறா தரையில் பொறுக்கித் தின்கிற பறவை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். களத்து மேட்டில் தினமும் பார்க்கிறதுதானே! ஆனால் பூவைப் பார்த்து வரும் என்று படித்தவர் சொன்னதும், எங்கள் கண்ணை நாங்களே நம்பவில்லை. நல்ல வெள்ளாமைச் சம்சாரி என்று பேர் வாங்க ஒரு மணி விடாமல் கூட்டிப் பெருக்கி, வரவேண்டிய விருந்தாளிக்கு இலையில் ஒன்றுமே வைக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அய்யா பூத்தலைகளை அறுத்துத் தடியால் தட்டி அங்கேயே உதிர்த்தார். அது போதவில்லை. ஆத்தா சேர்த்து வைத்திருந்ததும் வேண்டும் என்றார்.

"தானியத்த மண்ணுல எறியச் சொல்றீகளா? எங்க ஊருல கேட்டா காறித் துப்புவாக."

"எறியாத. வெதைக்கிறதா நெனச்சுக்க. கெணறு போயிரும் புள்ள."

ஆத்தா சாக்கின் வாயை அவிழ்த்தாள். பிறகு முந்தானையில் அள்ளிக் கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, வரிசை வரிசையாக நடந்து கைவீசி விதைத்தாள். நிஜ விதைப்பு மாதிரியே வீசினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது அன்றைக்கு வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு மீந்த சோற்றை மருமகள் கொட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேனே, அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாளே இருபது முப்பது. மூன்றாம் நாள் எண்ண முடியவில்லை. மணிப்புறா, தவிட்டுப்புறா என்று தரையே நகர்வது போல இருந்தது. டின்னைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அய்யா எச்சரித்துவிட்டார். வேலை இல்லாமல் நான் பரணடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறந்ததிலிருந்து நான் பார்த்த பறவைக்கெல்லாம் முதுகுதான் உண்டு. என்னைக் கண்டால் ஓடும். இப்போது முதல் தடவையாகப் பறவைகள் என் பக்கமாக நடந்து வந்தன. கழுத்தில் மிளகைத் தூவியது போலப் புள்ளி. அதில் ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. அது தினமும் வந்து என் கால் பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே கிடந்த மணியை எடுத்துத் தின்னும். அதன் அலகு படும்போது கூசும். நான் மூச்சு விடாமல் இருப்பேன். அந்தக் கூச்சம் எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ரைட்டர் சொன்னபடி எட்டாம் நாள் துரை இறங்கினார். ஒல்லியான மனிதர், தக்காளிப் பழம் போல முகம், தொப்பி, இரண்டு துப்பாக்கி. பண்ணையார் அந்த வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். ரைட்டர் எங்களையெல்லாம் கிணற்றடியில் நிறுத்தி, மூச்சுக் காட்டக் கூடாது என்றார். புறாக்கள் வழக்கம்போல இறங்கின. தோட்டம் முழுக்க இறங்கின.

துரை துப்பாக்கியைத் தூக்கினார். பிறகு இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார். புறாக்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. பண்ணையாருக்குக் கோட்டோடு வியர்வை ஊற்றியது. "சுடச் சொல்லுமய்யா, இதவிட எப்படிய்யா புறா வரும்?" என்று ரைட்டரின் காதைக் கடித்தார். துரை கையை விரித்துக் காட்டி ஏதோ சொன்னார். குரலில் கோபம் தெரிந்தது. அய்யா கிணற்றைத் திரும்பிப் பார்த்தார்.

துரை மூன்றாம் முறை துப்பாக்கியைத் தூக்கினார். அந்தக் குழாய் பரண் பக்கம் திரும்பியது. பரணடியில் என் விரலைக் கொத்துகிற புறா நிற்கும் நேரம் அது.

கிணறு போனாலும் போகட்டும் என்று துணிந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நிஜத்தில் கிணறு என் நினைப்பிலேயே வரவில்லை. இடுப்பிலிருந்து கவணை உருவியதும், கல்லை வைத்ததும், சுழற்றியதும் ஒரே நொடி. 'டங்!'

அத்தனை புறாவும் ஒரேயடியாக எழும்பியது. அந்தச் சிறகுச் சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. தப்பிச்சிருச்சுக என்று நான் சந்தோஷப்பட்ட அதே சமயம் துப்பாக்கி வெடித்தது. படார், படார், படார். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்து, குதித்துக் குதித்துச் சுட்டார் துரை. முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, கிணற்றடியைப் பார்த்து, எனக்கு ஒரு சலாம் வைத்தார்!

பிறகுதான் ரைட்டர் விவரம் சொன்னார். தரையில் உட்கார்ந்திருக்கும் புறாவைச் சுடுவது அவர்கள் சாதியில் கேவலமாம். பறக்கிற புறாவைத்தான் சுடவேண்டுமாம். அதற்காகத்தான் அத்தனை நேரம் நின்றாராம். "சரியான நேரத்துல புறாவக் கெளப்பி விட்டுச்சே அந்தப் பொண்ணு, ரொம்ப கெட்டிக்காரின்னு தொரை சொல்றாக. வருசா வருசம் இதே தோட்டம், இதே ஆளு, இதே பொண்ணு இருக்கணுமாம்."

"நாந்தானய்யா அந்தப் புள்ளைய அங்கன நிறுத்தி வச்சேன்" என்றார் பண்ணையார், கூசாமல்.

அய்யா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி வந்தார். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் வரையில் யார் வீட்டுக்கு வந்தாலும், "இந்தக் கெணத்த வெட்டுனது நான், காப்பாத்துனது எம் மக" என்று சொல்லாமல் விடமாட்டார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று வந்தவர்கள் மெச்சுவார்கள். புறாக்களைக் காப்பாற்றப்போய் நானே அவற்றைத் துப்பாக்கிக்கு எழுப்பிக் கொடுத்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

அத்தனை வெடி வெடித்து விழுந்தது பதினோரு புறா. நம் துரை குறி அப்படி. நான் ஓடிப்போய்ப் பதினொன்றின் காலையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் எல்லா விரலும் இருந்தன. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

துரை ஐந்தை எடுத்துக்கொண்டு ஆறை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆத்தா மிளகும் சீரகமும் அரைத்துக் குழம்பு வைத்தாள். வீடு முழுக்க மணந்தது. அய்யா வாசலில் நின்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆத்தா எனக்கு வட்டிலில் சோறு வைத்து, குழம்பை மட்டும் ஊற்றினாள். ஒரு துண்டுகூடப் போடவில்லை.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ எதுக்கு டின்ன அடிச்சன்னு எனக்குத் தெரியும்டி. பரணடியில ஒக்காந்து நீ அதுகளோட இருந்தத நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒங்கய்யாகிட்டச் சொல்ல மாட்டேன். நீ கறி திங்க வேணாம், கொழம்பத் தொட்டுக்கிட்டுத் தின்னு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தானியத்தை மண்ணில் வீசியவளுக்கு என் மனசு தெரியாமல் இருக்குமா?

நான் ஒரு வாய் சோற்றை உருட்டி விழுங்கினேன். சட்டியைப் பார்த்தேன். ஆத்தாவைப் பார்த்தேன்.

"ஆத்தா..."

"என்னடி?"

"எல்லாத்துக்கும் காலப் பாத்துட்டேன். இதுல அது இல்ல. எனக்கும் கறி போடு."